சிவப்புக் கம்பியும் கறுப்புக் கம்பியும்

வானொலிப் பெட்டியில் மின்கலங்களைத் தலைமாற்றிப் போட்டுவிட்டால் அது வாய் திறப்பதில்லை. ஆனால் இரண்டு முள் கொண்ட பிளக்கை எப்படித் திருப்பிச் செருகினாலும் மேசை விளக்கு முன்போலவே எரிகிறது. முன்னதில் மின்சாரம் ஒரே திசையில் போகிறது, பின்னதில் வினாடிக்கு 50 தடவை போய் வருகிறது என்ற அளவில் இந்த வேற்றுமையைப் பள்ளிக்கூடத்திலேயே படித்து முடித்துவிடுகிறோம். அப்படியானால், ஈப்போவின் மருந்துக்கடைகளிலும் பாசார் மாலாம்களிலும் உள்ளங்கை அளவில் விற்கப்படுகிற, பசைத் தகடுகளைத் தோலில் ஒட்டி நரம்பைத் தூண்டுகிற டென்ஸ் என்னும் சிறு பெட்டி இவ்விரண்டில் எந்த இனத்தைச் சேர்ந்தது? அதன் கம்பி நுனியில் பிரிந்து ஒன்று சிவப்பாகவும் மற்றொன்று கறுப்பாகவும் முடிகிறதே, இடம் மாற்றிப் பொருத்தினால் ஏதேனும் ஆகுமா?

இந்தக் கேள்விக்கு விடை வேண்டியவர்கள் பேராக்கில் இரண்டு வகையினர். சுங்கை சிப்புட், சிம்மோர் பக்கத்துத் தோட்டங்களில் ஆயுளில் பாதியைப் பால்வெட்டிலேயே கழித்து, மரத்துக்கு மரம் குனிந்து நிமிர்ந்து முழங்காலும் இடுப்பும் தேய்ந்து, தோட்டம் செம்பனைக்கோ வீடமைப்புக்கோ கைமாறிய பிறகு புந்தோங்கில் பிள்ளைகளோடு வந்து தங்கிவிட்ட முதியவர்கள் ஒரு வகை. அவர்கள் தங்கள் சந்தேகத்தை மருந்துக்கடைக்காரரிடம் வெளிப்படையாகவே கேட்கிறார்கள். மற்றொரு வகையினர் யாரிடமும் கேட்பதில்லை. இதே பெட்டியையோ இதன் உறவான வேறொன்றையோ தாம்பத்திய இன்பத்துக்காக வாங்கி, பெயர் எழுதாத பொட்டலத்தில் தபாலில் பெற்று, தமிழிலோ மலாயிலோ ஒரு குறிப்புத் தாளும் இல்லாமல் அதைப் பிரயோகித்துப் பார்க்கிற வயதுவந்த தம்பதிகள் அவர்கள். கூச்சத்தின் காரணமாக இவர்களை ஒதுக்கிவிட்டு முழங்கால் வலியைப் பற்றி மட்டும் எழுதுவது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை. அறியாமையால் சரீரத்துக்குத் தீங்கு நேரக்கூடியவர்கள் முக்கியமாக இவர்களே. இரு சாராருக்கும் உரிய பௌதிக விதி ஒன்றே என்பதால் ஒரே கட்டுரையில் இரண்டையும் சொல்லிவிடலாம்.

நரம்பிலிருந்து தொடங்குவோம். 1780-களில் பொலோஞா நகரத்துப் பேராசிரியர் கால்வானி, இறந்த தவளையின் கால் உலோகம் பட்டதும் உதறுவதைக் கண்டு, 1791-இல் அதைப் பற்றி எழுதி வெளியிட்டார். அதைப் பரிசோதித்து மறுக்கப் புகுந்த வோல்டா 1800-இல் முதல் மின்கல அடுக்கைச் செய்தார். அன்று முதல் அறிஞர்களுக்கு இடைவிடாத மின் பிரவாகம் கைக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டு பல்லாண்டுகள் தவளை நரம்புகளைச் சோதித்தவர்களுக்கு ஒரு விசித்திரம் தென்பட்டது: மின்சாரம் ஓடிக்கொண்டே இருக்கும்போது தசை பெரும்பாலும் சும்மா இருக்கிறது, இணைக்கும் கணத்திலும் துண்டிக்கும் கணத்திலும்தான் துடிக்கிறது. இந்தத் துடிப்பு எந்தத் துருவத்தின் அடியில் பிறக்கிறது என்பதை ஜெர்மானிய உடலியல் அறிஞர் எட்வார்ட் பிஃப்ளூகர் 1859-இல் வெளியிட்ட நூலில் ஒழுங்குபடுத்தினார். இணைக்கும்போது ருண துருவமாகிய எதிர்மின்வாயின் அடியிலும், துண்டிக்கும்போது தன துருவமாகிய நேர்மின்வாயின் அடியிலும் நரம்பு கிளர்ச்சி கொள்கிறது. இவற்றுள் முன்னதற்குக் குறைந்த மின்சாரமே போதும். தன துருவமாகிய சிவப்பும் ருண துருவமாகிய கறுப்பும் சமமானவை அல்ல என்பதற்கு முதல் பிரத்தியட்ச சாட்சியம் இதுதான்.

காரணம் பின்னால் விளங்கிற்று. ஓய்வில் இருக்கும் நரம்பிழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 70 மில்லிவோல்ட் ருணமாக இருக்கிறது. இந்த வேற்றுமை சுமார் 15 மில்லிவோல்ட் குறைந்தால், சவ்வில் உள்ள சோடிய வாயில்கள் திறந்து செய்தி ஓடத் தொடங்குகிறது. ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் கணவாய் மீனின் தடித்த நரம்பிழைக்குள் மெல்லிய மின்வாயைச் செலுத்தி அளந்து 1952-இல் இதை நிலைநாட்டினார்கள். தோலின் மேல் கறுப்புத் தகட்டை வைக்கும்போது அது நரம்பிழையின் வெளிப்புறத்திலிருந்து தன மின்னேற்றத்தைத் தன் பக்கம் இழுக்கிறது, உள்ளும் புறமும் உள்ள வேற்றுமை சுருங்குகிறது, வாயில் திறக்கிறது. சிவப்புத் தகடோ அந்த வேற்றுமையை அதிகப்படுத்தி, தன் அடியில் உள்ள நரம்பைச் சற்று அடக்கிவைக்கிறது. ஆகவே ஒரே திசையில் மின்சாரம் செலுத்தும் சாதனத்தில் கம்பிகளை மாற்றினால் உணர்ச்சி ஒரு தகட்டிலிருந்து மற்றத் தகட்டுக்கு இடம் பெயரும்.

ஆனால் ஒரே திசையில் மின்சாரத்தைத் தொடர்ந்து செலுத்துவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு அதை விளக்குவதற்கு ரப்பர்ப் பாலைவிட நல்ல உதாரணம் கிடையாது. மங்கில் சொட்டிய பால் ஸ்டோருக்குப் போய்ச் சேர்வதற்குள் கட்டிப்பாலாகி விடாமல் இருக்க அதில் சிறிது அமோனியா விடுவார்கள். தட்டில் ஊற்றி உறைய வைக்கும்போது ஃபார்மிக் அமிலம் சேர்ப்பார்கள். பாலில் மிதக்கும் நுண்ணிய ரப்பர்த் துகள்கள் ருண மின்னேற்றம் உடையவை. அதனாலேயே ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு தனித்தனியே மிதக்கின்றன. காரமாகிய அமோனியா அந்த ஏற்றத்தைக் காப்பாற்றுகிறது. அமிலம் அதை அழித்துவிடுகிறது, துகள்கள் திரண்டு உறைகின்றன. 1920-களில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சிலர் ரப்பர்ப் பாலில் மின்சாரத்தைச் செலுத்தி, தன துருவத்தின் மேல் ரப்பர் படியும்படி செய்து பொருள்கள் தயாரித்தார்கள் என்பதும் இந்த உண்மையின் பயனே.

மனிதத் தோலின் ஈரத்தில் உப்பு இருக்கிறது. அதனூடே ஒரே திசையில் மின்சாரம் ஓடினால் சிவப்புத் தகட்டின் அடியில் அமிலமும் கறுப்புத் தகட்டின் அடியில் காரமும் சேர்கின்றன. அமிலம் தோலின் புரதங்களை, ஸ்டோரில் பால் உறைவது போலவே, உறையச் செய்து கெட்டிப்படுத்துகிறது. காரம் அவற்றை இளக்கிக் குழைவிக்கிறது. அமிலத்தால் நேரும் புண் உறைந்த மேல்தோலின் தடுப்பினாலேயே பெரும்பாலும் மேலோடு நின்றுவிட, காரத்தால் நேரும் புண் இளகிய திசுவின் வழியே உள்ளே இறங்குகிறது. ஆதலால் இரண்டில் அதிகம் அஞ்சத்தக்கது கறுப்புத் தகட்டின் புண்தான். இவற்றில் எதுவும் சூட்டினால் நேர்வதல்ல என்பதால், தகடு சுடவில்லையே என்று நம்பியிருப்பவர் ஏமாந்து போவார். தோல் மெல்லியதாகவும் ஈரமாகவும் உள்ள மறைவிடங்களில் இந்த இரசாயனக் காரியம் இன்னும் விரைவாக நடக்கும்.

இதற்குப் பரிகாரம், போன மின்னேற்றத்தைத் திரும்ப வரவழைத்துவிடுவது. 1955-இல் அமெரிக்காவில் ஜான் லில்லியும் அவருடைய கூட்டாளிகளும், மூளையைத் தூண்டுவதற்காக ஒரு குறுகிய துடிப்பை அனுப்பி, உடனே அதற்குச் சமமான துடிப்பை எதிர்த்திசையில் அனுப்பும் முறையை வெளியிட்டார்கள். முதல் துடிப்பு மின்வாயில் தொடங்கிவைத்த இரசாயன மாறுதலை இரண்டாவது துடிப்பு பெரும்பாலும் திருப்பிவிடுகிறது. நரம்போ முதல் துடிப்பிலேயே கிளர்ந்துவிட்டது. இருதிசைத் துடிப்பு என்று இதைச் சொல்லலாம். செவ்வையாகச் செய்யப்பட்ட எந்தத் தூண்டல் பெட்டியும் இன்று இந்த ஏற்பாட்டையோ இதற்கு நிகரான ஒன்றையோதான் கொண்டிருக்கிறது. ஒரு துடிப்பின் நீளம் 200 மைக்ரோ வினாடி, வினாடிக்கு 100 துடிப்பு என்று வைத்துக்கொண்டால், ஒரு வினாடியின் 1000 மில்லி வினாடிகளில் 20 மட்டுமே மின்சாரம் ஓடும் நேரம். மீதி 980 மில்லி வினாடியும் பெட்டி சும்மா இருக்கிறது.

போனதும் வந்ததும் சமமானால் துருவ பேதம் முற்றிலும் மறைந்துவிட வேண்டுமே என்று தோன்றும். இங்கேதான் பலருடைய குழப்பம் இருக்கிறது. சமமாக இருக்க வேண்டியது மொத்த மின்னேற்றம். துடிப்பின் வடிவம் சமமாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஃபாரடே 1831-இல் ஓர் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள்களைச் சுற்றி, முதல் சுருளில் மின்சாரம் மாறுகிற நேரத்தில் மட்டுமே இரண்டாவதில் மின்சாரம் தோன்றுவதைக் கண்டார். பாரிஸ் வைத்தியர் துஷேன் 1855-இல் வெளியான தம் நூலில் விவரித்த சிகிச்சை அந்தத் தூண்டல் சுருளைக் கொண்டதே. அதில் துண்டிக்கும் கணத்தில் எழும் துடிப்பு கூர்மையாக உயர்ந்து விழும். இணைக்கும்போது எழுவது தாழ்ந்து, நீண்டு, மந்தமாகப் போகும். மின்னேற்றக் கணக்கில் இரண்டும் சமம். நரம்போ கூர்மையானதற்கு விழித்து, மந்தமானதை அலட்சியம் செய்துவிடுகிறது. இன்றைய சிறு பெட்டிகள் பலவற்றிலும் துடிப்பு இப்படி ஒருபுறம் கூர்மையாகவும் மறுபுறம் மந்தமாகவுமே அமைந்திருக்கிறது. ஆகையால் தோல் புண்ணாகாவிட்டாலும் கறுப்புக் கம்பியின் தகட்டில் சுள்ளென்ற உணர்ச்சி அதிகமாக இருக்கும். துடிப்பின் இரு பக்கமும் ஒரே வடிவமாக உள்ள பெட்டியில் மட்டுமே கம்பிகளின் நிறம் பொருளற்றுப் போகிறது.

நம் கையில் உள்ள பெட்டி எந்த வகை என்பதை வீட்டிலேயே கண்டுகொள்ளலாம். ஒரே அளவான இரண்டு தகடுகளை ஒரே முன்கையின் உட்புறத்தில், நாலு விரல் இடைவெளியில் ஒட்டி, சுழியிலிருந்து மெல்ல ஏற்றி, எந்தத் தகட்டில் குறுகுறுப்பு முதலில் தெரிகிறது என்று கவனிக்க வேண்டும். பிறகு சுழிக்கு இறக்கி, அணைத்து, தகடுகளை அசைக்காமல் கம்பிகளை மட்டும் இடம் மாற்றிவிட்டு மறுபடியும் ஏற்றிப் பார்க்க வேண்டும். உணர்ச்சி கம்பியோடு இடம் பெயர்ந்தால் அது துருவ பேதம். பெயராமல் அதே தகட்டில் நின்றால், அந்த இடத்தில் நரம்பு மேலோட்டமாக ஓடுகிறது என்று பொருள். தகட்டை நகர்த்தாமல் கம்பியை மட்டும் மாற்றுவதில்தான் இந்தப் பரிசோதனையின் நேர்மை அடங்கியிருக்கிறது. இரண்டையும் சேர்த்து மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

துருவத்தைவிடப் பல வேளைகளில் தகட்டின் அளவு அதிகமாகப் பேசும். இரண்டு தகடுகளின் வழியாகவும் ஓடுவது ஒரே மின்சாரம். பெரிய தகட்டில் அது பரவி மெலிகிறது, சிறிய தகட்டில் நெருங்கி உறைக்கிறது. இடுப்புத் தரைத் தசைகள் தளர்ந்து சிறுநீர் கசியும் பெண்களுக்குச் சிகிச்சையாக உள்ளே வைக்கும் உருளை வடிவ மின்வாயில் இரண்டு உலோகப் பட்டைகளும் பெரும்பாலும் சம அகலமாக இருப்பதற்கு இதுவே காரணம். சிறுநீர், மலவாயில்களைச் சுருக்கும் தசையை மின்சாரத்தால் ஆளும் முயற்சியை இங்கிலாந்தில் கால்டுவெல் என்ற வைத்தியர் 1963-இல் பிரசுரித்தார். அந்த மரபில் வந்த மின்வாய்களுக்கும் இன்பத்துக்கென்று விற்கப்படுபவற்றுக்கும் உருவ அமைப்பில் அதிக பேதமில்லை. இன்பத்துக்கென்று தனியாக ஒரு மின்சாரமும் இல்லை. தொடு உணர்ச்சியைக் கொண்டுபோகும் பருத்த நரம்பிழைகளே முதலில் கிளர்கின்றன. மெல்சாக்கும் வாலும் 1965-இல் வெளியிட்ட வாயில் கோட்பாட்டின்படி, முதுகுத்தண்டில் வலிச் செய்தியை அமுக்கி, முழங்கால் வலியை மறக்கச் செய்பவை இவையே. வாலும் ஸ்வீட்டும் 1967-இல் மின்சாரத்தால் அதைச் சோதித்துக் காட்டினார்கள். அதே இழைகள் மறைவிடத்திலிருந்து செய்தி கொண்டுபோகும்போது அதை இன்பமென்றோ தொல்லையென்றோ தீர்மானிப்பது மூளையும் மனமும் ஆகும்.

இதுவரை சொன்னது ஒரு ஜோடிக் கம்பியைப் பற்றியது. பெட்டியில் இரண்டு ஜோடி இருந்து, மூன்றே தகடுகளை உபயோகிக்கத் தொடங்கும்போது விஷயம் வேறாகிறது. முதல் ஜோடியின் கறுப்பையும் இரண்டாம் ஜோடியின் கறுப்பையும் ஒரே பொதுத் தகட்டில் சேர்த்து, சிவப்புகளை இரண்டு வெவ்வேறு தகடுகளில் பொருத்துகிறோம் என்று கொள்ளுங்கள். இரு ஜோடியும் ஒரே கணத்தில் தலைக்கு 20 மில்லி ஆம்பியர் அனுப்பினால், பொதுத் தகட்டின் வழியாக 40 மில்லி ஆம்பியர் திரும்புகிறது. மற்றத் தகடுகள் இதமாக இருக்கையில் அந்த ஒன்று மட்டும் குத்துகிறது. இப்போது இரண்டாம் ஜோடியை மட்டும் தலைமாற்றிப் பொருத்தினால், பொதுத் தகட்டில் வருவதும் போவதும் கழிபட்டுச் சுழியாகிவிடுகிறது. 20 மில்லி ஆம்பியரும் முதல் தகட்டிலிருந்து மூன்றாவது தகட்டுக்குச் சரீரத்தின் ஊடே நேராகப் போகிறது. ஒரு பிளக்கைத் திருப்பியதனால் மின்சாரத்தின் பாதையே மாறிப்போயிற்று! பொதுத் தகட்டு முறையை விரும்புகிறவர்கள் உணர்ச்சி நகர்வதாகவும் சுழல்வதாகவும் சொல்வது இந்தக் கூட்டல் கழித்தலின் விளைவே. வைத்தியத்திலும் இதற்கு ஓர் உறவு உண்டு. வியன்னாவின் ஹான்ஸ் நெமெக் 1950-களில் வகுத்த குறுக்கீட்டு மின்சிகிச்சையில், வினாடிக்கு 4000 தடவை அலையும் ஒரு மின்சாரமும் 4100 தடவை அலையும் மற்றொன்றும் நான்கு தகடுகளின் வழியாகக் குறுக்கே சந்தித்து, சந்திக்கும் இடத்தில் வினாடிக்கு 100 தடவை ஏறி இறங்கும் தூண்டலை உண்டாக்குகின்றன.

நான் மிகவும் அஞ்சுவது இன்னொரு பொது இணைப்பை; அது கண்ணுக்குத் தெரியாமல் பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. நல்ல பெட்டியில் ஒவ்வொரு ஜோடியும் தனித்தனி மின்மாற்றியால் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் சிவப்பிலிருந்து புறப்பட்ட மின்சாரத்துக்கு முதல் கறுப்பைத் தவிர வேறு வீடு கிடையாது. மலிவான சிலவற்றிலோ இரண்டு கறுப்பும் உள்ளே ஒரே கம்பியாகச் சேர்ந்திருக்கும். இடது கையில் ஒரு ஜோடி, வலது கையில் ஒரு ஜோடி என்று ஒட்டிக்கொண்டவர், தம் மார்புக்கும் இந்த மின்சாரத்துக்கும் சம்பந்தமில்லை என்று எண்ணுவார். பெட்டிக்குள் கறுப்புகள் சேர்ந்திருந்தால் இடது கைச் சிவப்பிலிருந்து வலது கைக் கறுப்புக்கு மார்பின் வழியாக, இருதயத்தைக் கடந்து, ஒரு பங்கு போய்விடுகிறது. இருதய முடுக்கி பொருத்தியவர்கள் இந்தச் சாதனங்களைத் தொடவே கூடாது என்பதையும், கழுத்தின் முன்புறம் யாருக்கும் ஆகாது என்பதையும், கர்ப்பிணிகளும் வலிப்பு உள்ளவர்களும் வைத்தியரைக் கேட்காமல் பிரயோகிக்கலாகாது என்பதையும் அட்டைப்பெட்டியிலேயே அச்சிட்டிருப்பார்கள். இந்த உள்ளிணைப்பைப் பற்றி அச்சிடுவதில்லை. இன்பத்துக்காக உபயோகிப்பவர்கள் எல்லாத் தகடுகளையும் இடுப்புக்குக் கீழேயே வைத்துக்கொண்டால், பெட்டி எப்படிப்பட்டதாயினும் மின்சாரத்தின் பாதை இருதயத்தைவிட்டு விலகியே இருக்கும்.

வீட்டு மின்சாரத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும். பேராக் நதியில் 1930-இல் இயங்கத் தொடங்கிய செண்டெரோ அணையின் மின்சாரம் முதலில் கிந்தா சமவெளியின் ஈயக் கப்பல்களுக்குத்தான் போயிற்று. தோட்டத்து லயங்களில் அதற்குப் பின்னும் நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கே எரிந்தது. இன்று எந்த வீட்டிலும் 240 வோல்ட் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் அந்த மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தூண்டல் பெட்டியைச் சார்ஜரில் செருகியபடியே உடலில் பொருத்துவதும், பாட்டுப் பெருக்கியின் ஒலிபெருக்கி முனைகளிலிருந்து நேராகத் தகடுகளுக்குக் கம்பி இழுப்பதும் இருவிதத்தில் அபாயம். சார்ஜருக்குள் ஒரு காப்பு பழுதானால் முழு மின்னழுத்தமும் சரீரத்துக்கு வந்துவிடும். பெருக்கியில் ஒரு பாகம் கெட்டால் ஒரே திசை மின்சாரம் கசிந்து, மேலே சொன்ன காரப் புண்ணைச் சத்தமின்றி உண்டாக்கும். பெருக்கிக்கும் தகட்டுக்கும் நடுவே மின்மாற்றி வைப்பதால், மாறாத மின்சாரத்தைக் கடத்தாத அதன் இயல்பு கசிவை நிறுத்தும். என்றாலும் பாட்டுப் பெருக்கி சரீரத்துக்காகச் செய்யப்பட்டது அல்லவாதலால், மின்கலத்தில் இயங்கும் பெட்டியைத் தவிர வேறெதையும் நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

பழைய பெட்டியொன்றை எடுத்துப் பார்த்தால் கெட்டுப்போயிருப்பது பெரும்பாலும் பெட்டி அன்று, கம்பியும் தகடும்தான். கம்பி பிளக்கோடு சேரும் கழுத்தில் ஆயிரம் தடவை வளைந்து, மேலுறை முழுசாக இருக்க உள்ளே இழைகள் அறுந்து, ஆட்டினால் தொட்டும் விட்டும் நிற்கும். பயனாளர் உணர்ச்சி வரவில்லையே என்று அளவை ஏற்றிக்கொண்டே போவார். கம்பி அசைந்து இழை மறுபடி ஒட்டிய கணத்தில், ஏற்றிய அளவு முழுவதும் ஒரே அடியாகப் பாயும். தகட்டிலோ பசை காய்ந்து, ரோமமும் தூசியும் படிந்து, ஓரம் தூக்கிக்கொண்டு, ஒரு நாணய அளவு இடம் மட்டுமே தோலைத் தொடும். தகடு முழுவதும் பரவியிருக்க வேண்டிய மின்சாரம் அந்தச் சிறு வட்டத்தில் நெருங்கிச் சிவந்த தழும்பை விடும். ஆகவே உணர்ச்சி திடீரென்று நின்றால் முதலில் அளவைச் சுழிக்கு இறக்கிவிட்டுத்தான் கம்பியைத் தொட வேண்டும். கழுத்து தளர்ந்த கம்பியை ஒட்டுப்பட்டை சுற்றிக் காப்பாற்றாமல் எறிந்துவிட்டுப் புதியது வாங்க வேண்டும். புதியதை மாட்டியதும் முன்கைப் பரிசோதனையை மறுபடி ஒரு தடவை செய்து பார்த்துவிட வேண்டும், ஏனென்றால் வேறு கம்பெனிக் கம்பியில் சிவப்பும் கறுப்பும் பிளக்கின் எந்த முனையோடு சேர்ந்திருக்கின்றன என்பது நிறத்தைப் பார்த்து நிச்சயிக்கக்கூடியது அன்று.